லாரி வராத வரிசை

சுவரில் படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். அதனால் காற்றும் வரவில்லை. நான் ஒரு வாரம் மெனக்கெட்டுத் தயாரித்த விளக்கத் தாள்களை மடித்து ஆசிரியர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மழை ஏமாற்றிய ஒரு வருஷம். சமகாலக் கலையை வகுப்பறைக்குக் கொண்டுபோவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருவது என் வேலை. அதற்காகச் சனிக்கிழமைதோறும் அடையாறிலிருந்து பஸ் மாறி மாறி வருவேன். அன்று சுவரில் ஒரு வெறும் நாற்காலியின் படம். "கைத்திறன் முக்கியமில்லை, எண்ணம்தான் கலை. இந்த நாற்காலி, இங்கே இல்லாத ஒருவருக்குப் பதிலாக நிற்கிறது" என்று ஓரிடத்தில் நிற்காமல் நடந்து நடந்து பேசினேன். டிராயிங் மாஸ்டர்கள் இரண்டு பேர் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள். கணக்கு டீச்சர் மட்டும் கையைத் தூக்கினார்.

அவருடைய பள்ளியில் ஓவிய ஆசிரியர் இடம் காலியாக இருந்ததால் அவரை அனுப்பியிருந்தார்கள். அந்தப் பள்ளிக்குப் பின்தெருவிலேயே வீடு. "ஒரு பொருள் ஆளுக்குப் பதிலா நிக்கும், அவ்ளோதானே சார்? எங்க தெருவுல தெனம் நிக்குதே" என்றார். தண்ணி லாரிக்குப் பெண்கள் விடியற்காலையிலேயே குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்களாம். குடம் இல்லாதவர்கள் செங்கல்லோ ஓட்டை வாளியோ வைப்பார்களாம். எந்தச் செங்கல் யாருடையது என்று தெருவுக்கே தெரியுமாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. கலைக் கல்லூரியில் வருஷக்கணக்காகப் படித்தும் என்னால் இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்ததில்லை.

அடுத்த வாரம் அவரே ஒரு திட்டத்தோடு வந்தார். ஏழாம் வகுப்புப் பெண்கள் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். வரிசையில் நிற்க வேண்டியிராத நாளில் அந்தக் குடத்துக்காரர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் குடத்தில் ஒட்டுவார்கள். அவர் கையோடு கொண்டுவந்திருந்த தாள்களில் 'எங்கம்மா தூங்கும்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். 'அக்கா டைப்பிங் கிளாஸ் போவும்' என்று இன்னொருத்தி. படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடங்களை வைக்கும் நாளன்று காலையிலேயே அவருடைய பள்ளிக்குப் போய்விட்டேன். அவர் வரிசையைப் பள்ளி முற்றத்தில் வைக்க நினைத்திருந்தார். நான்தான் வாசலுக்கு வெளியே, தெருவில் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கலையைச் சுவருக்குள் அடைக்கக் கூடாது என்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன்.

"வெளிய வேணாம் சார். நேத்து வரவேண்டிய லாரியே இன்னும் வரலை. குடத்தப் பாத்தா லாரின்னு நெனச்சுக்குவாங்க" என்றார்.

"நினைக்கட்டுமே டீச்சர், அதுதானே வேண்டும்" என்றேன். பயிற்சி தரும் சாரை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

முதல் மணி அடிக்கும்போது குடங்கள் மதிலோரமாக நின்றன. கால் மணி நேரத்தில், அந்த வழியாகப் போன ஒரு பெண் கடைசிக் குடத்தின் பின்னால் தன் குடத்தை வைத்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அந்த வருஷம் யாரும் கேட்டுவிட்டு இடம் போட மாட்டார்கள், போட்டுவிட்டுத்தான் கேட்பார்கள். மாதா கோயில் முனையில் வழக்கமாக லாரி நிற்கும் இடத்தில் காத்திருந்த குடங்களும் இங்கே வந்து சேர்ந்தன. வரிசை மளிகைக்கடையைத் தாண்டி வளைந்தது. டீச்சர் ஒவ்வொரு பெண்ணிடமும் போய், "லாரி வராதுக்கா, இது பசங்க பாடம். முனைக்கே போங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "எங்கள ஓட்டிட்டு ஸ்கூலுக்குத் தண்ணி புடிச்சிக்கலாம்னு பாக்கிறியா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். யாரும் நகரவில்லை. நான் மதில்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை.

அப்போதுதான் லாரி வந்தது, மாதா கோயில் முனைக்கு. அங்கே ஆளில்லை. கிடந்த நாலைந்து குடங்களை நிரப்பிவிட்டு அடுத்த பேட்டைக்குப் போய்விட்டது. சேதி கேட்டு வரிசை கலைந்து ஓடியது, கொஞ்ச நேரத்தில் காலிக் குடங்களோடு திரும்பி வந்தது. முன்னால் வந்தவர் டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரர். "எம் பொண்ணு பிரசவமாயி வந்து நாலு நாளுதான் ஆவுது. பச்ச ஒடம்புக்காரிய வூட்ல வச்சிகினு நான் இன்னா டீச்சர் பண்ணுவேன்? கொழந்த துணி அலசக்கூடப் பொட்டுத் தண்ணி இல்ல" என்றார். திட்டக்கூட இல்லை. நிஜமாகவே வழி கேட்டார்.

"என் தப்புதான்க்கா" என்றார் டீச்சர். என் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. அவர் ஒரு பார்வை பார்த்திருந்தால் நான் இறங்கி வந்து உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது சும்மா பேச்சு. எனக்குப் பயமாக இருந்தது. மதில்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

தன் வீட்டில் மிச்சமிருந்த ஒன்றரைக் குடம் தண்ணீரை அந்த அம்மாவுக்கு அவர் கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தலைமை ஆசிரியை அவரிடம் விளக்கம் எழுதி வாங்கினாராம். தெருவில் சிலர் வெகுநாள் அவரோடு பேசவில்லையாம். கடைசிச் சனிக்கிழமை அவர் வரவில்லை. சான்றிதழைக் கொடுக்கிற சாக்கில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். தபாலில் அனுப்பிவிட்டேன்.

அன்று எடுத்த படங்களில் ஒன்று எனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. மேலிருந்து எடுத்தது. வளைந்து போகும் குடங்கள், நடுவில் கையை விரித்தபடி ஒரு பெண். பயிற்சி நடத்தப் போன இடமெல்லாம் அதைக் காட்டினேன். மக்கள் தாங்களாகவே கலைக்குள் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்வேன். கையை விரித்திருப்பவர் வகுப்பின் ஆசிரியை என்பேன். அவர் அங்கே எதைக் கெஞ்சிக்கொண்டிருந்தார் என்று சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் கைதட்டல் கிடைத்தது, ஒவ்வொரு முறையும் அன்றிரவு தூக்கம் கெட்டது. ஆனாலும் காட்டுவதை நிறுத்தவில்லை.

சில வருஷம் கழித்துப் பெரம்பூரில் ஒரு பயிற்சி. படத்தைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு டீச்சர் மட்டும் தட்டவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அன்னிக்கு அவங்களுக்குத் தண்ணி கெடைச்சுதா சார்?"

கிடைத்தது என்றேன்.

கிடைக்கவில்லை.