தங்கராசு வேலையை விட்டுப் போகவில்லை

எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீஸின் தலைமைக் கிளார்க் தங்கராசு, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவர் என்று கம்பெனியின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கிறது. அது பொய். சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார். பார்த்த மனிதர்கள் ஆபீஸ் நிறைய இருக்கிறார்கள். அவர் வரவில்லை என்று சொன்னது வாசலில் மாட்டியிருக்கும் இயந்திரம் ஒன்றுதான். அதன் பேச்சு எடுபட்டது, மனிதர்களின் பேச்சு எடுபடவில்லை. இப்போது அவர் மனைவி சரோஜா இந்த மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போகவேண்டுமாம். நடந்த அநியாயம் இதுதான்.

பீர்மேடு ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரைக்காக வரிசையில் நின்றிருந்தபோது செய்தி வந்தது. போன் செய்தவள் மாரியம்மாள், கொழுந்து பறிக்கிறவள். "அண்ணாச்சி, கிளார்க்கய்யா போயிட்டாவ. ஆபீசுக்குப் பொறப்பட ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தவுக அப்படியே சாஞ்சிட்டாவளாம்" என்றாள். மாத்திரையை வாங்காமல் ஜீப் பிடித்தேன். இறந்தவர் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆபீஸுக்குப் போனேன். அதற்குக் காரணம் இருந்தது. வேலையில் இருக்கும் ஒருவர் இறந்தால் எங்கள் எஸ்டேட்டில் ஃபாக்டரிச் சங்கு ஊதும். நேரம் தவறி அது நீளமாக ஊதினால், மலைச்சரிவில் நிற்பவர்கள் கொழுந்துச் சாக்கை இறக்கிவைத்துவிட்டு யார் என்று கேட்பார்கள். ஜீப் ஏறி வந்த வழியெல்லாம் காது கொடுத்துக்கொண்டே வந்தேன். சங்கு ஊதவில்லை.

ஏன் ஊதவில்லை என்று கேட்டேன். ஒரு கிளார்க் பையன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினான். தங்கராசின் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. முந்தின நாள் ராத்திரியோடு அவர் வேலையில் இல்லாதவராக ஆகிவிட்டாராம். மேனேஜர் நல்ல பிள்ளைதான், வயது குறைவு. எழுந்து நின்று, "சேட்டா, ஞான் எந்து செய்யான்? சிஸ்டம் சம்மதிக்கில்ல" என்றார். நான் என்ன செய்வேன், சிஸ்டம் விடமாட்டேன் என்கிறது என்று அர்த்தம்.

"சங்கு ஊதுறதுக்கு ஒரு கயித்த இழுத்தாப் போதும். அதுக்கு எதுக்கு சார் சிஸ்டம்?" என்று கேட்டேன். சங்கு கடைசிவரை ஊதவில்லை. மேட்டிலிருந்த பெண்கள் ஒருவருக்கு ஒருவர் கத்திச் சொல்லி, தாங்களாகவே இறங்கி வந்தார்கள்.

தங்கராசை அறிந்தவர்களுக்குத் தெரியும், இந்த எஸ்டேட்டில் புதுப் பொருள் எது வந்தாலும் அவர் கைவழியாகத்தான் வந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து ஆபீஸுக்குள் போனவர். முதல் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்த வருஷம், மழைக்காலத்தில் பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பியது. கோட்டயத்திலிருந்து வந்த மெக்கானிக் பிரிண்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விட்டார். அப்போது நான் ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையரில் வேலை பார்த்தேன். தங்கராசு காகிதக் கட்டுகளைச் சேலைப் பொதி மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இத டிரையர் பக்கத்துல வச்சிக்கிடுங்க. பனிமஞ்சு எறங்குனா காயிதம் ஊறிப்போவுது. மெசினத் திட்டுதாவ, ஊருல அடிக்கிற மஞ்சு அதுக்கு எப்படித் தெரியும்?"

"இது என்ன ஃபாக்டரியா, இல்ல ஒன் மாமியார் வீட்டுப் பரணா?" என்றேன்.

"மாமியார் வீட்டுப் பரண்ல இம்புட்டு சூடு இருக்காது" என்று சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸிலிருந்து போன கடிதமெல்லாம் தேயிலை வாசத்தோடு போயின. காகிதம் நின்று எல்லாம் ஈமெயில் ஆனபோது, "இனிமே நம்ம எஸ்டேட் லெட்டர மூக்கால கண்டுபிடிக்க முடியாது" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை ஹாஜர், அதாவது வருகை, பதியும் இயந்திரத்தைப் பற்றித்தான். நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவன் அல்ல. நோட்டீஸ் போர்டைப் பார்த்து மலையாளமும், கடைப் பொட்டலத்துக் காகிதத்தைப் பார்த்து தமிழும் படித்தவன். புதுசு என்றால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவேன். முதலில் விரல் வைக்கும் இயந்திரம் வந்தது. கொழுந்து பறிக்கிறவர்களின் விரலில் ரேகை தேய்ந்து கறை ஏறியிருக்கும். இயந்திரம் பாதிப் பேரைத் தெரியாது என்றது. அதைக் கழற்றிவிட்டு முகம் பார்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அதன்முன் நின்றால் முகத்தைப் பார்த்து, ஆளை அடையாளம் கண்டு, 'தேங்க்யூ' என்று பெண்குரலில் சொல்லும். அன்றைய வேலைக்குப் பேர் விழுந்துவிடும்.

மாரியம்மாள் முதல்நாள் அதன்முன் நின்றுவிட்டு வந்து, "யம்மாடி, எனக்குத் தேங்க்யூ சொல்லுதுடி! இத்தன வருசத்துல எந்த சூப்பர்வைசர் வாயில இருந்து இது வந்துச்சு?" என்றாள். அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு சூப்பர்வைசர், தன் வீட்டுத் துணியைத் துவைக்க வரவில்லை என்பதற்காக, வேலைக்கு வந்த அவளை வரவில்லை என்று எழுதினான். அவளுக்காக ஆபீஸுக்குள் நின்று பேசிய ஒரே ஆள் தங்கராசு. இயந்திரம் வந்தபின் கையால் ஹாஜர் எழுதுவதை அடியோடு நிறுத்தவேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிச் சாதித்தவரும் அவர்தான்.

"மனுசன் மறந்தா மன்னிச்சிடலாம் அண்ணாச்சி. மறந்த மாதிரி நடிக்கான் பாருங்க, அதத்தான் தாங்க முடியல. மெசினுக்கு நடிக்கத் தெரியாது" என்பார்.

"மனுசன் சட்டையப் பிடிச்சிக் கேக்கலாம்லே. இதுக்குச் சட்டை எங்க இருக்கு?" என்பேன். இந்தச் சண்டை எங்களுக்குள் வருஷக்கணக்கில் நடந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன மழையில் அவருக்கு முகவாதம் வந்தது. இடது கன்னம் தொங்கி, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. கை கால் நன்றாக இருந்தன. டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார். போனார். இயந்திரம் அவரைத் தெரியாது என்றது. 'ட்ரை எகைன்' என்றது. மறுபடி நின்றார், மறுபடியும் அதையே சொன்னது.

வரிசையில் பின்னால் நின்ற மாரியம்மாள், "என்ன கிளார்க்கய்யா, நீங்க கொண்டாந்த மருமவ ஒங்களையே யாருங்காளே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கோணல் வாயோடு சிரித்தார்.

முகத்தைப் புதிதாகப் பதியும் அதிகாரம் எஸ்டேட்டில் யாருக்கும் இல்லை. ஹெட் ஆபீஸில் இருக்கிறது. அங்கே மனு போட்டார். 'உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று உடனே பதில் வந்தது. ஒவ்வொரு வாரமும் போட்டார். ஒவ்வொரு வாரமும் அதே பதில் அதே வேகத்தில் வந்தது. போன் செய்தால் ஒரு குரல் எண்ணை அழுத்தச் சொல்லும். எந்த எண்ணை அழுத்தினாலும் கடைசியில் மனு போடச் சொல்லும். ஏன் வேலைக்கு வரவில்லை, இப்படியே போனால் வேலையை விட்டவராகப் பதியப்படும் என்று அவர் போனுக்கே நோட்டீஸ் வந்தது. 'நான் ஆபீஸில்தான் இருக்கிறேன்' என்று ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே பதில் அனுப்பினார். அந்தப் பதிலை யாராவது படித்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இதில் உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவசரத்துக்கென்று, ஒருவருக்குக் கையால் ஹாஜர் போட ஒரு வழி கம்ப்யூட்டரில் இருந்தது. அதன் பாஸ்வேர்ட் தங்கராசிடம்தான் இருந்தது. நான் ஆபீஸுக்கே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஒரு தட்டு தட்டினா ஒம் பேரு விழுந்திரும்லே. தட்டு."

"மாரியம்மாளுக்கு அந்த சூப்பர்வைசர் பண்ணுனதும் அதுதானே அண்ணாச்சி? அவன் கையால இல்லன்னு எழுதுனான், நான் கையால உண்டுன்னு எழுதணுமா? கையே கூடாதுன்னு சொன்னவன் நான்."

"அவன் பொய் எழுதினான். நீ இங்கதானே இருக்க?"

"அது ஒங்களுக்குத் தெரியும். நாளைக்கு வாரவனுக்கு எப்படித் தெரியும்?"

பாஸ்வேர்டைக் கொடுங்கள், நானே போட்டுத் தருகிறேன் என்று மேனேஜர் சொன்னபோதும் வேண்டாம் என்றார். ஹெட் ஆபீஸ் திருத்தட்டும், திருத்தினால் எல்லாருக்கும் திருந்தும் என்றார். அதை நேர்மை என்பவர்கள் உண்டு. முட்டாள்தனம் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த முட்டாள்தனத்தைப் பயன்படுத்தி ஒரு குடும்பத்தை வெளியே தள்ளுவதற்குப் பெயர் வேறு.

சரோஜா எனக்குச் சொன்னது இது. தினமும் காலையில் அவர் கண்ணாடி முன் நின்று, தொங்கிய கன்னத்தை விரலால் தூக்கிப் பிடித்து, பழைய முகம் வருகிறதா என்று பார்ப்பாராம். இயந்திரத்தின் முன்னும் அப்படியே விரலால் பிடித்துக்கொண்டு நிற்பார். நானே பார்த்திருக்கிறேன். முகத்தை மறைக்கவேண்டாம் என்று அது சொல்லும். விரலை எடுத்தால் தெரியாது என்னும். பிறகு உள்ளே போய்த் தன் வேலையைப் பார்ப்பார். அடுத்தவர்களின் பேரெல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று சரிபார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை.

ஆத்திரம் தாங்காமல் ஒருநாள், அந்தப் பெட்டியைக் கல்லெடுத்து உடைக்கப் போகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒடைச்சா நீங்க குத்தவாளி ஆயிருவீய. அது பாட்டுக்குப் புதுசு ஒண்ணு வந்து தொங்கும். இதுக்குப் பதில் சொல்லுத ஆளு எங்கன்னு கேளுங்க அண்ணாச்சி. ஆள் வர்ற வரைக்கும் கேளுங்க" என்றார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பேச்சைத்தான். வருஷக்கணக்கில் சண்டை போட்டும் நான் ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

காரியம் முடிந்த மறுநாள் சரோஜாவின் போனுக்குக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்தது. "அண்ணே, அவுக வேலைய விட்டு ஓடிட்டாவன்னு போட்டிருக்கே. இந்த வீட்டுல இருந்துதானே தெனமும் போனாவ? நான்தானே சோறு கட்டிக் குடுத்தேன்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மாதம் முடியப் போகிறது. ஹெட் ஆபீஸிலிருந்து அதே பரிசீலனைப் பதில்தான் வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மேனேஜர், தங்கராசு கடைசி நாள் வரை வேலைக்கு வந்தார் என்று கையெழுத்துப் போட்டு எழுதித் தரவேண்டும். தங்கராசின் வணக்கத்தைத் தினமும் வாங்கிக்கொண்டவர் அவர். கூட உட்கார்ந்து சாப்பிட்ட கிளார்க்குகள் அதன் கீழே கையெழுத்துப் போடவேண்டும். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும், எனக்குப் புரிகிறது, ஆனாலும் போடவேண்டும். ஹெட் ஆபீஸ், 'வேலையை விட்டுப் போனவர்' என்பதை அழித்து, பணியில் இருக்கும்போது இறந்தார் என்று பதியவேண்டும். காலி செய்யச் சொன்ன நோட்டீஸைத் திரும்ப வாங்கவேண்டும். யூனியன்காரர்கள், அவர் ஸ்டாஃப், தொழிலாளி இல்லை என்று சொல்லி ஒதுங்கக் கூடாது. மாரியம்மாளுக்காகப் பேசியபோது, தான் ஸ்டாஃப் என்று தங்கராசு ஒதுங்கவில்லை. இயந்திரத்தை விற்ற கம்பெனி, முகத்தைப் புதிதாகப் பதியும் அதிகாரத்தை இந்த எஸ்டேட்டிலேயே ஒரு மனிதனிடம் கொடுக்கவேண்டும். வயது ஏறும், பல் விழும், வாதம் வரும், முகம் மாறத்தான் செய்யும்.

நான் செய்யவேண்டியது இது: நாளை காலையிலிருந்து சரோஜா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். பூட்டோடு வருகிறவர் யாராக இருந்தாலும் வரட்டும். சிஸ்டம் அனுப்பியது என்று சொன்னால் எழுந்திருக்கமாட்டேன். அனுப்பிய ஆளின் பெயரைச் சொல்லவேண்டும்.