டோரின் அக்காவும் பசளைக் காசும்

டோரின் அக்காவுக்கு அரசாங்கத்தின்மேல் பொறாமை. தங்கைமேல் என்று எங்கள் கொச்சிக்கடை ஒழுங்கையில் கதைக்கிறார்கள், அது பிழை. மேல் மாடியில் இருக்கும் எனக்குத்தான் உள்விசயம் தெரியும்.

துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கிளாக். கலியாணம் செய்யவில்லை. முருங்கனில் தகப்பன் விட்டுப்போன இரண்டரை ஏக்கர் வயல், காணி உறுதியில் அவர் பெயரும் தங்கை றேணுகாவின் பெயரும். விதைப்பது றேணுகா. ஒவ்வொரு பெரும்போக விதைப்புக்கும் யூரியாப் பசளை வாங்கக் காசு அனுப்பியது டோரின் அக்கா. அனுப்பிய கையோடு அந்தோனியார் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். மீன்காரனுக்கும் தொகை தெரியும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற வேதவசனம் அவருக்கு ஒத்துவராது.

பிறகு, மூன்று வருடத்துக்கு முன், அரசாங்கம் பசளை மானியத்தை நேரே விவசாயிகளின் வங்கிக் கணக்கில் போடத் தொடங்கியது. றேணுகா சந்தோசமாக ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, காசு விழுந்திட்டுது. இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லை."

"நல்லது பிள்ளை" என்று வைத்தவர் அன்று சோறு தின்னவில்லை. சக்களத்தி வந்த மாதிரித்தான். "இவ்வளவு காலமும் எங்க கிடந்தது உந்தக் கவண்மேந்து?" என்று என்னிடம் கத்தினார். வயிறு எரிந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

இந்தப் போகம் மானியம் தருவதற்கு ஊர்க் கமநல நிலையத்தில் புதிதாக ஒன்று கேட்டார்கள். உறுதியில் இன்னொருவர் பெயரும் இருந்தால், விதைப்பது இவர்தான் என்று அந்த ஆள் கையெழுத்திட வேண்டும். படிவம் தபாலில் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திரும்பிப் போக வேண்டும். டோரின் அக்கா அதை மேசையில் போட்டு, மேலே சீனிப்போத்தலைத் தூக்கி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை றேணுகா அக்காவுக்கு ஃபோன் எடுத்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அக்கா, கடதாசியைப் போட்டிட்டீங்களோ?"

"அது கிடக்கட்டும். இருபத்தையாயிரம் நான் நாளைக்கே போடுறன்."

"காசு வேண்டாம் அக்கா. கையெழுத்து மட்டும் போதும்."

"ஏன், என்ர காசு செல்லாதோ?"

அத்தோடு லைன் போய்விட்டது.

அடுத்த நாள் நல்ல சேலை உடுத்து, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். வைப்புச் சீட்டில் சரசரவென்று கையெழுத்துப் போட்டார்.

"அக்கா, அதே கையோட மற்றதிலயும் போட்டால் என்ன?"

"காசுதான் குடுத்தாச்சே. பிறகு அது எதுக்கு, சுரேகா?"

திரும்பும்போது மீன்காரனிடம் நின்று தொகையைச் சொன்னார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வெள்ளிக்கிழமை வந்து போனது.

திங்கட்கிழமை இருபத்தையாயிரமும் அப்படியே அவர் கணக்குக்குத் திரும்பி வந்தது. பின்னாலேயே றேணுகாவின் மெசேஜ். கண்ணாடி இல்லை என்று என்னை வாசிக்கச் சொன்னார்.

"பசளைக்கு வட்டிக்கு எடுத்திட்டன் அக்கா. வட்டிக்காரன் காசை மட்டும்தான் திருப்பிக் கேப்பான்."

இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். டோரின் அக்கா படிவத்தை இழுத்தெடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நாள் முடிஞ்சுது அக்கா" என்றேன்.

"தெரியும்" என்றார். "நீ தபால்ல போடு."