மஞ்சள் தட்டானும் சிவப்புத் தட்டானும்

தட்டான்களை வகைப்படுத்த வந்தவரின் சட்டையில் எட்டுப் பைகள் இருந்தன. ஓய்வுபெற்ற அதிகாரி. காரைக்குடியில் ஓர் இயற்கைக் குழு நடத்திவந்தார். நான் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை என்பதால் குறிப்பெழுத அழைத்திருந்தார். கண்டரமாணிக்கம் பக்கத்து ஊருணியில் ஏழெட்டுப் பேர் அவர் பின்னால் நடந்தோம்.

முதலில் ஓர் ஊசித்தட்டான் கோரைப்புல்லில் வந்து உட்கார்ந்தது. இறக்கைகளை முதுகின்மேல் சேர்த்து மடக்கியிருந்தது. கண்கள் இரண்டும் தலையின் ஓரங்களில் விலகி இருந்தன. தட்டானோ உட்காரும்போதும் இறக்கையை விரித்தே வைத்திருக்கும். இரண்டும் வேறு வேறு பூச்சி என்று என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அவர், "இது குஞ்சு. வளந்தா பெருசாயிரும்," என்றார். இறக்கை முளைத்தபின் எந்தத் தட்டானும் வளர்வதில்லை. ஆனால் சுற்றி நின்ற படித்தவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

அடுத்து சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. இரண்டு இனம் என்று எழுதச் சொன்னார். இறக்கையின் அடியில் அதே காவிக் கறை, முதுகில் அதே கருங்கோடு. மஞ்சள் பெண், சிவப்பு ஆண் என்றேன்.

"டீச்சர், நீங்க புத்தகத்தப் படிச்சிட்டுப் பேசுறீக. நான் கண்ணால பாத்துச் சொல்றேன்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு தன் வால்நுனியால் மஞ்சளின் தலையைப் பற்றியது. மஞ்சள் உடலை வளைக்க, இரண்டும் ஒரு வளையமாகப் பறந்தன. சண்டை போடுகின்றன என்று சொல்லி அவர் படமெடுத்தார்.

படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "சண்டையில்லீங்க, சோடி சேந்துருக்கு," என்றாள்.

அவர் காதில் விழாதவர்போல் அங்குட்டுப் போவோம் என்று நடந்தார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். நானும்தான். குறிப்பில் மட்டும் சிவப்பும் மஞ்சளும் ஒரே இனம் என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் ஊருணிக் கரையில் பலகை வைத்தார்கள். சிவப்பு ஓர் இனம், மஞ்சள் வேறோர் இனம். ஊசித்தட்டானின் படத்துக்குக் கீழே 'தட்டான் குஞ்சு'. கடைசி வரியில், சரிபார்த்தவர் என்று என் பெயர். அவருக்குப் போன் செய்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். பெயர் வந்தால் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், வீட்டுச் சாவியால் என் பெயரைச் சுரண்டி எடுத்தேன். மற்றதையும் சுரண்டத்தான் கை துடித்தது. இரண்டு பேர் வருவதைப் பார்த்ததும் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். அவர்மேல் எனக்கிருக்கும் இளக்காரத்தில் ஒரு பங்கு என்மேலும் உண்டு.