ஹசீனா மாமி திருப்பி வைத்த கல்

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்துச் செய்தி வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி கணவரின் பெயரைச் சொல்லி, அவருடைய மனைவி என்றார்கள். தையல் மெஷினில் இருந்த எனக்கு யார் இறந்தது என்று விளங்கவில்லை. உம்மா அழத் தொடங்கிய பிறகுதான், போனது வாப்பாவின் தங்கை ஹசீனா மாமி என்று தெரிந்தது.

சுனாமியில் மாமி தன் இரண்டு பிள்ளைகளையும் இழந்தார். வீடு போன நாங்களும் மாமியும் மலையடியில் இருந்த எங்கள் வயல்வாடிக் குடிசைக்குப் போனோம். குளிக்க, குடிக்க எல்லாம் மலையிலிருந்து இறங்கும் ஓடைதான். வெயில் காலத்தில் ஓட்டம் நின்று ஒரு மடு மட்டும் மிஞ்சியது. சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. கிணறு சுத்தம் செய்ய நிவாரணத்தில் தந்த குளோரின் தூள் மீதி இருந்தது. "கடல் எடுத்தது போதும். தண்ணி இனி ஒரு புள்ளையையும் எடுக்கப்படாது" என்று சொல்லி மாமி அதை மடுவில் கொட்டினார்.

விடிந்தபோது மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. இறாலும் நண்டும் கரையோரம் செத்துக் கிடந்தன. சனங்கள் மீன் அள்ளக் கூடையோடு வந்தார்கள்.

"ஹசீனா, உன்ட கையில பரக்கத்து இருக்குடி!" என்று பக்கத்து வாடிப் பெண் சிரித்தாள்.

மாமி சிரிக்கவில்லை. குனிந்து ஒரு கல்லைத் திருப்பினார். அடியில் ஒட்டியிருந்த பூச்சிகளும் அசையவில்லை.

மழையோடு கொஞ்சம் மீன் திரும்பி வந்தது. ஆனால் தூள் கொட்டி மீன் பிடிக்கும் வழியை ஊர் பழகிவிட்டது. யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் வெளியூர் ஆட்களும் தூள் பையோடு ஆட்டோவில் வந்து, மேலே இருந்த மடுக்களுக்கும் ஏறினார்கள். மாமி குறுக்கே போய் நிற்பார். எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது; அவர் மடுவில் துவைத்த துணிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன்.

"தம்பி, கொட்டாதீங்க. இதுக்குள்ள உசிர் இருக்கு."

"ஓம் மாமி, நீங்க கொட்டினா மருந்து, நாங்க கொட்டினா நஞ்சா?"

 ஆனாலும் மாமி ஒவ்வொரு வெயில் காலத்திலும் போய் நின்றார். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியாகப் போனபோது மடுவில் மீன், பூச்சி ஒன்றுமே இல்லை. கற்களைத் திருப்பிப் பார்த்து, கிடந்த மாதிரியே திரும்ப வைத்தார்.

"ஏன் மாமி வைக்கிறீங்க?"

"வீடு இருக்கட்டும் புள்ள. ஆள் வந்தாலும் வரும்."

மாமிக்காகக் குர்ஆன் கத்தம் ஓதி முடிந்த அடுத்த நாள் வாப்பாவோடு வயலுக்குப் போனேன். மடுவில் இறங்கி ஒரு கல்லைத் திருப்பினேன். அடியில் வெறும் மணல். கிடந்த மாதிரியே வைத்துவிட்டு வந்தேன். மாமியிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.