மாமன் கொடுத்த ரத்தம்

எண்பதுகளில் சுங்கை பாக்காப்பில் குடியிருந்தோம். விடிந்ததும் எனக்கு முதல் வேலை மகனுக்கு ஊட்டுவதுதான். நாலு வயது. சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனாலும் வியர்த்துத் துவண்டுவிடுவான். வளர்த்தியே இல்லை, வயிறு மட்டும் பானை. பினாங்கு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, ஈரலில் சேர்ந்த சர்க்கரை கரைய மறுக்கிறது, பிறவி நோய், இதில் பல வகை உண்டு என்றார். சில வகைகளில் பிள்ளை தங்காது. எந்த வகை என்று அறிய, அந்தச் சர்க்கரையைக் கரைக்க உதவும் என்சைமை ரத்த அணுக்களில் அளக்க வேண்டும். ரத்தத்தை ஐஸில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும்.

“கூடவே சுகமான ஆள் ஒருத்தர் ரத்தமும் போகணும். வழியில ரத்தம் கெட்டுச்சான்னு அதை வச்சுத்தான் தெரியும். குடும்பத்து ஆள் மட்டும் வேணாம்,” என்றார்.

அதைக் கேட்டு என் கொழுந்தன் ஒதுங்கிக்கொண்டார். என் அண்ணன் விடுவாரா? மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன் ஆயிற்றே. “பங்காளிதானே குடும்பம்? நான் வேற வீட்டு ஆளு லா, எடுங்க,” என்று நர்ஸிடம் கையை நீட்டிவிட்டார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா குழம்பிப்போயிருந்தார். “ரெண்டு ரத்தத்துலயும் அதே என்சைம் குறைச்சல். ஆனா ரத்தம் கெடலை, மத்ததெல்லாம் சரியா இருக்கு. கூட அனுப்புன அந்த ரத்தம் யாருது?”

“என்னுதுதான். பிள்ளையோட அம்மா கூடப் பிறந்தவன்,” என்றார் அண்ணன்.

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். “சின்னப் பிள்ளையில உங்க வயிறு எப்படி இருந்துச்சு?”

“பானைதான் டாக்டர். விடியறதுக்குள்ள பசின்னு அழுவாராம். பள்ளிக்கூடம் முடியறப்பதான் வளர்ந்தாராம்,” என்று முந்திக்கொண்டேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அப்போ மாமனுக்கும் இதே நோய்தான். தாய் வழியா ஆம்பளப் பிள்ளைக்கு வர்ற வகை. இருக்கிறதுலயே லேசானது. வளர வளரச் சரியாயிடும். ஈரல்ல ஊசி குத்திப் பாக்க வேண்டாம்.”

வெளியே வந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நடைபாதையிலேயே அண்ணனை நிறுத்தி, உச்சி முதல் பாதம் வரை பார்த்தேன். வாசலில் குனிந்து நுழைகிற உயரம், மூட்டை தூக்குகிற தோள்.

“என்னம்மா அப்படிப் பாக்குற?”

“பேசாம நில்லுங்கண்ணே. என் மகனைத்தான் பாக்குறேன்.”