பட்டியலில் ஏறாத பறவை

திருவனந்தபுரத்தில் என் பைனாகுலர் அரிசி டப்பாவுக்குள்தான் இருக்கிறது. வெளியே வைத்தால் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஊரில் உள்ளவர்களுக்கு இது புரியாது. உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய எங்கள் ஊரில், கடைசித் துணியைக் கொடியில் போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிடும். அந்தச் செம்மணலில் சின்ன வயதில் ஒரு பறவையைத் துரத்தியிருக்கிறேன். நீண்ட கால், மணல் நிறம். பத்தடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அதற்குக் 'கோர்சர்' என்று பெயர் இருப்பதே, பிழைக்க வந்த இந்த ஊரில் பறவை பார்க்கும் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதில் எனக்கு என் மேலேயே எரிச்சல்.

"எங்கள் ஊரில் இருக்கிறது" என்று ஞாயிறுதோறும் சொல்லிச் சொல்லி, ஒருவழியாகப் பத்துப் பேரை வேனில் அழைத்துப் போனேன். நோட்டீஸில் 'வசந்தகால மருபூமி யாத்திரை' என்று, பாலைவனப் பயணமாகவே போட்டிருந்தார்கள். பங்குனி வெயிலுக்கும் எங்கள் தேரிக்கும் அப்படியொரு கௌரவம். வள்ளியூர் தாண்டிய புல்வெளியில் வானம்பாடிகள் மட்டும் கிடைத்தன. தேரியிலோ, நான் ஓடித்திரிந்த வெட்டவெளி முழுக்க முந்திரி நட்டிருந்தார்கள். "இவிடெ ஒண்ணும் இல்லல்லோ" என்று பின்னால் முணுமுணுப்பு. எனக்கு அழுகை வராத குறை.

அவர்கள் நிழலில் சாப்பிட உட்கார, நான் தனியே நடந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாள்: "என்னத்தத் தேடுதிய?" சொன்னேன். "அந்தா ஓடுதுல்லா!" என்று கையை நீட்டினாள். அதே கால், அதே ஓட்டம். நான் கத்திக் கூப்பிட்டு அவர்கள் வந்து சேர்வதற்குள் அது முந்திரிக்கு அந்தப்பக்கம் பறந்துவிட்டது.

"வேறெ ஆரு கண்டு?" என்றார் சங்கத் தலைவரான ஓய்வுபெற்ற பேராசிரியர். இரண்டு பேர் பார்த்திருந்தால்தான் பறவை பட்டியலில் ஏறும். நான் அந்தப் பெண்ணைக் காட்டினேன். அது போதும் என்று அவள் பெயரை எழுத நோட்டைத் திறந்தார்.

நோட்டைக் கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது. முந்திரிக்குள் ஆடு விட்டதற்கு அபராதம் போட வந்த அதிகாரிகள் என்று நினைத்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் பாக்கல சார்."

"இப்பந்தான அக்கா காட்டுனிய? நான் இந்த ஊர்க்காரன்தான், கேட்டோ!"

"பேச்சு அப்படி இல்லியே" என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். அந்த மலையாளக் 'கேட்டோ'வைப் பிடித்து விழுங்கிவிடலாம் போலிருந்தது. பதினான்கு வருடத்தில் அது எப்போது என் நாக்கில் வந்து உட்கார்ந்ததோ. பேராசிரியர் நோட்டை மூடினார். திரும்பும் வழியில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை.

இரண்டு வாரம் கழித்துப் பயண அறிக்கை தபாலில் வந்தது. கோர்சர் இல்லை, அது எதிர்பார்த்ததுதான். பங்கேற்றோர் என்று பத்துப் பெயர்கள். நான்கு வருடமாக உறுப்பினராக இருக்கும் என் பெயரையும் காணோம். தேடினேன். கடைசி வரியில் இருந்தேன்: 'உதவி: உள்ளூர் வழிகாட்டி.'

தாளை மடித்து அரிசி டப்பாவுக்குள் பைனாகுலரோடு வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதிலுள்ள 'உள்ளூர்' என்ற சொல்லை அந்த அக்காவிடம் காட்ட வேண்டும்.