ஆடிச் சனிக்கிழமைக் குதிரைப் பந்தயம்

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் குதிரை மேல் ஏறியதில்லை. ஜட்கா வண்டியில் போனால்கூட இரண்டு கையாலும் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் கடையில் உட்கார்ந்து குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாரானால், உலகத்துக் குதிரைகளெல்லாம் அவரைக் கேட்டுத்தான் காலெடுத்து வைக்கின்றன என்று நினைக்கத் தோன்றும்.

தேனிச் சந்தைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொள்ளும் தவிடும் பருத்திக்கொட்டையும் விற்கிற கடை. கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் கதவு கிடையாது, ஒரு சாக்குப் படுதாதான். அதனால் கடையில் பேசுகிற பேச்சு அத்தனையும், நான் வேண்டாம் என்றாலும், அடுப்படிக்கு வந்துவிடும்.

தினமும் சாயங்காலம் மூன்று பேர் கூடுவார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். இரண்டாமவர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். பெற்ற பிள்ளையைக்கூட ‘மேற்படி பையன்’ என்று சொல்லக்கூடிய மனுஷர். மூன்றாமவர் ஜட்கா வண்டிக்காரர், ஒரு செவலைப் பெட்டைக் குதிரைக்குச் சொந்தக்காரர். மூவரில் குதிரை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் மற்ற இரண்டு பேரும் பேசவே விடமாட்டார்கள். செவலை காதை மடக்கிவிட்டால் அதற்கப்புறம் எந்தக் குதிரையும் அதற்கு முன்னால் நிற்காது என்பது என் வீட்டுக்காரர் கட்சி.

பட்டணத்துக் குதிரைப் பந்தயச் செய்தி எங்கள் கடைக்குப் பழைய பேப்பர் வழியாகத்தான் வரும். பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்குகிற பேப்பர். ஓடி முடித்து இரண்டு மாதம் ஆன பந்தயத்தில் எது ஜெயிக்கும் என்று மூன்று பேரும் தொண்டை வற்றப் பேசுவார்கள். ஒரு தடவை பெரிய பந்தயம் ஒன்று. குதிரைகளின் பெயரெல்லாம் இருக்கிறது, முடிவு அச்சான பாதியை மட்டும் காணோம். அந்தப் பாதியில் தேவதானப்பட்டி ஆள் ஒருவருக்குக் கொள்ளு மடித்துக் கொடுத்துவிட்டோம். என் வீட்டுக்காரர் கடையை என்னிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி தேவதானப்பட்டிக்கே போனார். அந்தப் பேப்பரில் அடுப்புப் பற்றவைத்துவிட்டார்களாம். திரும்பி வந்து, “பொறுப்பு இல்லாத சனங்க” என்று இரண்டு நாள் முணுமுணுத்தார்.

ஊரிலும் ஒரு பந்தயம் இருந்தது. வருஷா வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், பழனிசெட்டிபட்டியைத் தாண்டி இருக்கிற ரோட்டில் ஜட்கா வண்டிகளை விடுவார்கள். வண்டிக்குள் ஆள் ஏறக்கூடாது, ஓட்டுகிறவர் மட்டும். கல்லுப்பாலத்தில் புறப்பட்டுப் புளியமரத்தில் முடிய வேண்டும். ஜெயித்தவருக்கு வேட்டி, துண்டு, எங்கள் கடையிலிருந்து ஒரு மூட்டை கொள்ளு. பந்தலும் மோரும் அரிசி மில் முதலாளி உபயம். புளியமரத்தடியில் நின்று எது முந்தியது என்று தீர்ப்புச் சொல்கிறவர் என் வீட்டுக்காரர்.

வருஷம் முழுக்கத் தவிட்டுத் தூசியில் நிற்கிற மனுஷருக்கு அந்த ஒரு நாள்தான் தலைப்பாகை. அன்றைக்கு அவர் ஒரு சாண் உயர்ந்துவிடுவார். நான் கேலி பண்ணுவேனே ஒழிய, முதல் நாளே தலைப்பாகைத் துணியைக் கஞ்சி போட்டு உலர்த்தி வைப்பதும் நான்தான்.

அந்தப் பந்தயத்துக்கு வருஷத்துக்கு வருஷம் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஆரம்பத்தில் மரக்கிளையெல்லாம் ஆள் தொங்கும் என்பார்கள். நான் சொல்லுகிற வருஷத்துக்கு முந்தின தையில் மில் முதலாளி வில்வண்டியை விட்டு இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். “என்னப்பா, ஆளுகளைவிட ஆடுதான் அதிகமா நிக்குது” என்றார். மோரைக்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பதாகவும், அதற்கும் கூட்டம் வராவிட்டால் பந்தயத்தை அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான் என்றும் மறுநாள் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ஆறு மாதம் படுதாவுக்கு அந்தப் பக்கம் ஒரே ஆராய்ச்சி.

“எல்லாம் இந்த டூரிங் கொட்டாயினால வந்த வினை. படத்துல குதிரை தெனம் ரெண்டு ஆட்டம் ஓடுது. அதுவும் கத்திச் சண்டையோட ஓடுது. நம்ம குதிரை சும்மா ஓடுனா எவன் வருவான்?” என்பார் என் வீட்டுக்காரர்.

“அதில்லண்ணே. மேற்படி சனங்களுக்கு இப்ப எல்லாத்துக்கும் ஒரு நேரம் வேணும். பத்து மணின்னு சொல்லிட்டு நாம ஒரு மணிக்குத்தான விடுறோம்?” என்பார் பத்திரக்காரர்.

“கொள்ளுல கல்லு கெடந்தா குதிரை எப்பிடி மொதலாளி ஓடும்?” என்று வண்டிக்காரர் ஆரம்பிப்பார். அதற்கு மேல் அவரைப் பேசவிட மாட்டார்கள். கல்லு இருந்தது உண்மைதான். புடைக்கிறவள் நான் அல்லவா?

கடைசியில் யோசனை சொன்னவர் பத்திரக்காரர். “சனம் நம்மகிட்ட வரலைன்னா, சனம் போற வழியில நாம போயி நின்னுக்கிட்டா என்னண்ணே?”

ஆடி மாதம் சனிக்கிழமையென்றால் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்கு ஊரே கிளம்பும். தேனிப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பழனிசெட்டிபட்டி ரோட்டில்தான் போயாக வேண்டும். யுத்த காலம் வேறு. மதுரையிலிருந்து போடிக்கு ஓடின ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பஸ்ஸுக்குப் பெட்ரோல் கிடையாது. முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு, ஏற்றம் வந்தால் ஆட்களை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு போகும். “ரயிலு இல்ல, பஸ்ஸு இல்ல. நடந்துதான போகணும்? நம்மளத் தாண்டித்தான போகணும்?” என்று என் வீட்டுக்காரர் தொடையைத் தட்டினார். ஆடி மூன்றாம் சனிக்கிழமை, காலை பத்து மணி என்று முடிவாயிற்று.

ரயிலும் பஸ்ஸும் இல்லையென்றால் நடக்க முடியாதவர்கள் எதில் போவார்கள் என்று மூன்று பேரில் ஒருவராவது யோசிக்க வேண்டாமா? தேனியில் அன்றைக்கு வாடகைக்குப் போகாத ஜட்காவே கிடையாது. செவலைக் குதிரை வண்டியை அந்தச் சனிக்கிழமைக்குப் பத்து நாள் முன்னாலேயே பேசி வைத்திருந்தது யார் தெரியுமா? நான்தான். என் வீட்டுக்காரருக்கு ஏழரைச் சனி. நல்லெண்ணெய் விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். அவரிடமும் சொன்னேன். “மூணாஞ் சனிக்கெழம குச்சனூருக்குப் போறேன், வண்டி சொல்லியாச்சு” என்றேன். “போ, போ” என்றார். காதில் விழவில்லை, குளம்புச் சத்தம் நிறைய இருந்தது அங்கே.

வண்டிக்காரருக்கு மட்டும் இரண்டும் தெரியும். “விடியுமுன்ன கெளம்பினா எட்டு மணிக்குள்ள சாமி கும்பிட்டுட்டு வந்துரலாம் தாயி. ஒங்கள வீட்டுல எறக்கி விட்டுட்டு பத்து மணிக்குப் பந்தயத்துல நிப்பேன்ல” என்றார். பந்தயத்துக்கு இருந்த அத்தனை வண்டிக்காரர்களும் வண்டி பேசினவர்களிடம் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. நடக்கிற காரியமில்லை என்று எனக்குத் தெரியும். ஆடிச் சனிக்கிழமை அந்தக் கோயிலில் எட்டு மணிக்கு வாசலையே பார்க்க முடியாது. சொல்லியிருக்கலாம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். படுதாவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இருப்பதாகவே அவர்கள் நினைக்கவில்லை. எனக்கு ரோஷம், பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்றைக்கு நானும் என் நாத்தனாரும் இருட்டோடு கிளம்பினோம். கோயிலில் நான் நினைத்ததுதான் நடந்தது. எண்ணெய் விளக்குப் போட்டு, எள்ளுச் சாதம் கொடுத்து வெளியே வருகிறபோதே மணி பத்தைத் தாண்டிவிட்டது. வண்டிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. “தாயி, சுருக்கா ஏறுங்க” என்றார். எங்களுக்கு முன்னாலும் பின்னாலுமாக இன்னும் நான்கு ஜட்காக்கள் அதே அவசரத்தில் கிளம்பின. ஒவ்வொன்றிலும் மூன்று பேர், நான்கு பேர். தேங்காய், தூக்குச்சட்டி, பிள்ளைகள்.

அந்தப் பக்கம் நடந்ததைப் பத்திரக்காரர் பிறகு சொல்லிக் கேட்டேன். கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். கோயிலுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லாரும் பந்தலையும் மோரையும் பார்த்து நின்றுவிட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பழனிசெட்டிபட்டியே வந்துவிட்டது. மில் முதலாளி இரண்டு தம்ளர் மோர் குடித்தார். “பரவாயில்லையேப்பா” என்றார். அப்புறம், “குதிரை எங்க?” என்றார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, ஒரு குதிரையைக் காணோம். சனங்கள் சீட்டியடிக்க ஆரம்பித்தார்கள். புளியமரத்தடியில் என் வீட்டுக்காரருக்குத் தலைப்பாகை நனைகிற அளவுக்கு வேர்த்துவிட்டதாம்.

பத்திரக்காரர் கல்லுப்பாலத்தில் சிவப்புத் துண்டோடு நின்றார். துண்டை இறக்கினால் வண்டிகள் புறப்பட வேண்டும். பன்னிரண்டரைக்கு ஐந்து ஜட்காக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தூரத்தில் தெரிந்தன. துண்டை இறக்கிவிட்டார்! “வண்டி அஞ்சு, குதிரை அஞ்சு, ஓட்டுற ஆளு அஞ்சு. எல்லாம் சரியா இருந்துச்சு. உள்ள ஆரு இருக்காகன்னு பாக்குறது என் சோலி இல்ல தாயி” என்று இரண்டு வருஷம் கழித்துக்கூட என்னிடம் வாதாடினார்.

துண்டு இறங்கியது எனக்குத் தெரியாது. திடீரென்று நாலு பக்கமும் சத்தம் கிளம்பியது. எங்கள் வண்டிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். “ஏலே, வழி விடுங்கலே!” என்று ஒரு கத்து. வீட்டுப் பக்கம் திரும்பிய குதிரை, பழகின ரோடு. செவலை எடுத்தது பாருங்கள் ஓட்டம்! தூக்குச்சட்டி பறந்தது. தேங்காய் மூடிகள் என் மடியிலிருந்து எழும்பி எங்கேயோ போயின. “மதினி, செத்தோம் மதினி!” என்று நாத்தனார் அலறினாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் மடியில் முகத்தைப் புதைத்தேன். சனீஸ்வரா, இறக்கிவிடு, இறக்கிவிடு என்பதைத் தவிர வேறெதுவும் நினைவில்லை. வண்டி நின்று, யாரோ “செவலைதான்! செவலைதான்!” என்று கூவுகிறபோதுதான் கண்ணைத் திறந்தேன். சுற்றிலும் தலைகள்.

மூன்றாவது வண்டியில் வந்த பெரியவர் ஒருவர் கீழே விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டிருந்தார். பெரிய காயமில்லை. ஆனால் மில் முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “கூட்டம் வந்துச்சுப்பா, நான் இல்லங்கல. ஆனா சாமி கும்பிட்டு வாறவுகள வச்சுப் பந்தயம் விட்ட பாவம் எனக்கு வேணாம். இதோட விட்ருவோம்” என்றார். அதோடு விட்டாயிற்று. அந்த ரோட்டில் அப்புறம் பந்தயம் நடக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வீட்டுக்கு வந்தார். கடையைத் திறக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு, அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நான் பதில்களை வரிசையாக எடுத்து வைத்திருந்தேன். நானாவது சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன் என்பது முதல் பதில்.

“செவலைதான் மொதல்ல வந்துச்சாமே?” என்றார்.

“ஆமா.”

“நான் பாக்கல.”

எனக்குப் புரியவில்லை. “மரத்தடியில நீங்கதான நின்னீக?”

“நின்னேன். முன்னால அம்புட்டுச் சனம். எக்கிப் பாத்தேன், வேர் மேல ஏறிப் பாத்தேன். ஒரே முதுகு. தூசிதான் தெரிஞ்சுச்சு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ உள்ளதான இருந்த? சொல்லேன். பாலத்தத் தாண்டுனதும் எது முன்னால போச்சு?”

நான் எங்கே பார்த்தேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனை வருஷத்து ரோஷமானாலும் அந்த முகத்துக்கு முன்னால் நிற்காது. பாவமாக இருந்தது. அவர் மேல் பிரியமாகவும் இருந்தது, இந்த வயதில் அதை மறைப்பானேன்? படுதாவுக்கு இந்தப் பக்கம் வருஷக்கணக்காகக் கேட்ட பேச்செல்லாம் எனக்குள்ளேதானே கிடந்தது.

“எடுத்த எடுப்புல வெள்ளைக் குதிரதான் முன்னால போச்சு” என்றேன். “செவலைய அடக்கித்தான் பிடிச்சிருந்தாரு.”

“அடக்கித்தான் பிடிக்கணும்!” அவர் நகர்ந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். “அப்பறம்?”

“அப்பறம் காத மடக்குச்சு.”

“மடக்குச்சா?”

“ரெண்டு காதையும்.”

“எனக்குத் தெரியும். அது மடக்கும்னு எனக்குத் தெரியும்” என்று தரையைத் தட்டினார். நாத்தனார் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. செவலை இன்னும் வெள்ளையை முந்தவில்லை.